மூன்று கல்லூரிகளும் மாமாவின் இடுப்பும்

மாமாவின் இடுப்பு வலிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். காய்கறி மூட்டை வாசலில் இறங்குகிற நேரம், அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினால் என்ன என்று அம்மா யோசிக்கிற நேரம், மாடித் தொட்டியைக் கழுவ வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றுக்கும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே அது வந்து உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்ததாகச் சரித்திரமே இல்லை. பதினோரு வருஷமாக இதே கதை. தெருவில் அவருக்கு 'இடுப்பு மாமா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

தொழில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது. சுத்தமான கைவேலை, அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஊருக்கெல்லாம் அடிக்கிறவர் சொந்த அக்கா வீட்டு ஹாலை மட்டும் எட்டு மாசத்துக்கு முன் தொடங்கி, தோள் உயரம் வரை நீலம் அடித்து, அதோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். மேலே பழைய அழுக்கு மஞ்சள் அப்படியே இருந்தது. கேட்டால், "ரெண்டு கலர் டிசைன்க்கா, இப்ப எல்லா இடத்துலயும் இதான் ஓடுது" என்பார். போதாக்குறைக்கு வகிட்டை வேறு இடம் மாற்றி எடுக்கத் தொடங்கியிருந்தார். நாற்பத்தெட்டு வயசில் என்னடா ஸ்டைல் உனக்கு என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்பேர்ப்பட்ட இடுப்பை வைத்துத்தான் சின்னவள் தன் மேல்படிப்பை முடிவு செய்வதென்று தீர்மானித்தாள்.

சின்னவள் அந்த வீட்டின் இரண்டாவது பெண். பெரியவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவள் பிசியோதெரபியில் முதல் பட்டம் வாங்கி, இரண்டு வருஷமாக ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வேலை என்று சொல்வதே பாவம். வலிக்கிற இடத்தில் நாலு பட்டையை ஒட்டு, மிஷினைப் போடு, இருபது நிமிஷம் கழித்துக் கழற்று, அடுத்த ஆளைக் கூப்பிடு. அவள் அறைக்கே 'கரண்ட் ரூம்' என்றுதான் பெயர். அங்கே இருக்கும் வரை தன் கைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, எதில் சேர்வதென்று குழம்பிக் குழம்பியே தேதியைத் தவறவிட்டாள். இந்த வருஷம் மூன்று கல்லூரிகள் இடம் கொடுத்திருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்றுக்கு இணையத்தில் 'சரி' அமுக்க வேண்டும். தவறினால் கரண்ட் ரூம் நிரந்தரம். மேலதிகாரி அதற்கான காகிதத்தையும் தயாராக மேஜையில் வைத்திருந்தார்.

மூன்று கடிதமும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கின. மூன்று கல்லூரியின் புத்தகத்திலும் ஒரே மாதிரி சிரிக்கிற ஒரு நோயாளி. மூன்றிலும் 'தலைசிறந்த' என்ற வார்த்தை பக்கத்துக்கு இரண்டு தடவை. வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவிடம் போனில் கேட்டால் "உன் இஷ்டம்மா" என்றார். அம்மாவிடம் கேட்டால் "எது பக்கமோ அது" என்றாள். இவர்களிடம் கேட்பதற்குச் சுவரிடமே கேட்டிருக்கலாம், அதுவாவது இரண்டு நிறத்தில் பதில் சொல்லியிருக்கும்.

திங்கட்கிழமை காலையில்தான் அவளுக்கு மூளை வேலை செய்தது. மூன்று கல்லூரியிலும் ஒரு கிளினிக் உண்டு. முதுகலை மாணவர்களே நோயாளிகளைப் பார்ப்பார்கள், ஆசிரியர் பின்னால் நின்று பார்ப்பார். யார் வேண்டுமானாலும் போகலாம். அப்படியானால் ஒரு பொய் வலியைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கையும் கண்ணும் இருக்கிறது, அவர்களிடம்தான் படிக்க வேண்டும். மாமாவின் இடுப்பு பொய் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன மழையில் பஸ்ஸைப் பிடிக்க அவர் தண்ணீர் தேங்கிய பள்ளத்தை ஆட்டுக்குட்டி மாதிரித் தாண்டியதை ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்தவள் அவள்.

மாமாவை வளைப்பதுதான் பாக்கி. அதற்கும் வழி தானாக வந்தது. சனிக்கிழமை ஹாலின் மேல் பாதியையும் சீலிங்கையும் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சோறு கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"மாமா, மூணு காலேஜ்ல உங்க இடுப்பைக் காட்டிடுவோம். மூணு பேரும் எழுதிக் குடுத்துட்டா அம்மா வாயைத் திறக்க முடியுமா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "மருமகளே, உன்னைப் படிக்க வச்சது வீண் போகல."

"நீங்களா படிக்க வச்சீங்க?"

"மனசால வச்சேன்ல."

செவ்வாய்க்கிழமை முதல் கல்லூரி. கண்ணாடிக் கட்டடம், ஏழு மாடி, உள்ளே நுழைந்ததுமே மருந்து வாசனைக்குப் பதிலாகப் புதுக் கார் வாசனை. வாசலில் மாமா ஒரே ஒரு தடவை "அம்மா" என்றார். சக்கர நாற்காலி ஓடி வந்தது. ஒரு மாணவன் அவரை ஒரு தட்டின் மேல் நிற்க வைத்தான். சுவரில் இருந்த திரையில் அவர் முதுகெலும்பு சிவப்பும் பச்சையுமாகச் சுழன்றது. மாணவன் திரையைப் பார்த்தான், ஆசிரியர் திரையைப் பார்த்தார், மாமாவும் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்தார். ஒரு விரல்கூட அவர் மேல் படவில்லை. கடைசியில் பன்னிரண்டு பக்க அறிக்கை, வழவழத் தாளில். கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாதாம்.

"இதுதாம்மா காலேஜ்! கண்ணை மூடிட்டு இங்க சேர்ந்துடு" என்றார் மாமா, பஸ்ஸில் மூன்று பேர் இடத்தில் சாய்ந்துகொண்டு.

புதன்கிழமை இரண்டாவது. அது மரங்களுக்கு நடுவில் அமைதியான இடம். மாணவி மெத்தென்ற குரலில், வலி எப்போது ஆரம்பித்தது, அப்போது மனசில் என்ன இருந்தது, வீட்டில் யாராவது கோபமாகப் பேசுகிறார்களா என்று கேட்டாள். கேட்க வேண்டுமா? மாமா அக்காவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் உண்மையாகவே கண் கலங்கினார். தான் விட்ட கதையைத் தானே நம்பி அழுகிற ஆளை அன்றுதான் சின்னவள் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், இரண்டாவது மூச்சிலேயே குறட்டை வந்தது. இவரை வீட்டில் யாரும் அதட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"இதை லேமினேட் பண்ணி அடுப்படியில மாட்டணும்" என்றார் மாமா. "காலேஜுன்னா இதுதாம்மா."

"நேத்து அதுதான்னீங்க?"

"அது நேத்து."

பஸ்ஸில் சின்னவள் இரண்டு அறிக்கையையும் மடியில் வைத்துப் பார்த்தாள். ஒரு மனுஷன் புளுகுகிறான், இரண்டு பெரிய கல்லூரிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கின்றன. இங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தால் தானும் இதையேதானே செய்வோம் என்று நினைக்கவே அழுகை வந்தது. மூன்றாவதிலும் இதே கதை நடந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எதை அமுக்குவது?

வியாழக்கிழமை மூன்றாவது. அந்தக் கல்லூரி பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில், டயர்க் கடைக்கு மேல் இருந்தது. கிளினிக் ஒரு நீண்ட கூடம். எட்டுக் கட்டில்கள், நடுவே தரை வரை எட்டாத திரைச்சீலைகள், சுவரோரம் நாற்காலி போட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஓர் ஆசிரியர். மாமா வழக்கம்போல வாசலில் "அம்மா" என்றார். யாரும் ஓடி வரவில்லை. தடித்த கண்ணாடி போட்ட ஒரு மாணவி மட்டும் தூரத்தில் நின்று, அவர் வாசலிலிருந்து கட்டில் வரை நடந்து வருவதை உன்னிப்பாகப் பார்த்தாள்.

"சட்டையைக் கழட்டுங்கண்ணே."

"வலி இடுப்புலம்மா."

"இடுப்பு சட்டைக்குள்ளதானே இருக்கு."

மாமா கழற்றினார். கண்ணாடிக்காரி அதையும் பார்த்தாள். அப்புறம் அவரைப் படுக்க வைத்து, வலது காலை முழங்கால் மடங்காமல் மெல்லத் தூக்கினாள். ஒரு சாண் எழும்புவதற்குள் மாமா கூரை பறக்கக் கத்தினார். பக்கத்துக் கட்டில் ஆள் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ பாவம், எழுந்து கட்டில் ஓரமா உட்காருங்க" என்றாள் அவள், பால் குடிக்கிற குழந்தை முகத்தோடு. "அதென்ன, உங்க பாதத்துல ஆணி மாதிரி இருக்கே? ரொம்ப நேரம் நிக்கிற வேலையா?"

"பெயின்டர்ம்மா நான். ஏணியில நின்னு நின்னு..." மாமா உற்சாகமாகப் பாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் பாதத்தைப் பார்ப்பது போலவே அந்தக் காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். படுத்தபோது இழுபட்ட அதே நரம்புதான் இப்போதும் இழுபடுகிறது. இடுப்பு உண்மையாகவே பழுதாக இருந்தால் ஆள் பின்னால் சாய்ந்து அலறியிருக்க வேண்டும். மாமா ஏணியின் உயரத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டிக்கொண்டார்! சின்னவளுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. டயர்க் கடைக்கு மேல் இருந்தால் என்ன, இதுதான் தன் கல்லூரி. போனை எடுத்து அங்கேயே 'சரி' அமுக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆனால் கண்ணாடிக்காரி எழுந்து போகவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"அண்ணே, வலது கையால தலை சீவுற மாதிரி ஒரு தடவை காட்டுங்க."

"அது எதுக்கு?"

"சும்மாதான்."

"இடுப்பு வலிக்கு வந்தவனைத் தலை சீவச் சொல்றியே, நல்லா இருக்கும்மா உங்க படிப்பு."

"அப்ப ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வச்சுக்கங்க. கையை மட்டும் வெளிப்பக்கமாத் திருப்புங்க."

இடது கை கதவு திறக்கிற மாதிரித் திரும்பியது. வலது கை இரண்டு விரற்கடை போய் நின்றுவிட்டது. கண்ணாடிக்காரி அதைத் தன் கையில் வாங்கி, மெல்ல, மிக மெல்ல வெளியே நகர்த்திப் பார்த்தாள். பூட்டிய கதவு மாதிரி அது நின்றது. மேலே தூக்கிப் பார்த்தாள். கை எழும்புவதற்குப் பதில் தோள்பட்டை மொத்தமும் காதை நோக்கி எழும்பியது.

மாமா கத்தவில்லை. அதுதான் சின்னவளைத் தூக்கிவாரிப்போட்டது. பொய் வலிக்குக் கூரை பறக்கக் கத்தியவர், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கட்டில் விரிப்பில் விழுந்தது.

"எத்தனை மாசமாண்ணே?" என்றாள் கண்ணாடிக்காரி. அவள் குரலில் இப்போது குறும்பு இல்லை.

"எட்டு."

எட்டு மாசம். சின்னவளுக்கு ஹால் சுவர் கண் முன்னால் வந்து நின்றது. தோள் உயரம் வரை நீலம். அதற்கு மேல் கை போகவில்லை, அவ்வளவுதான். இடம் மாறிய வகிடு ஸ்டைல் இல்லை, இடது கையால் சீவியது. தினமும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறார், பட்டம் வாங்கிய பிசியோ அந்தச் சோற்றுக்குக் குழம்பு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குக் காது வரை சுட்டது. இவ்வளவு வெட்கம் அவளுக்குப் பரீட்சையில் தோற்றபோதுகூட வந்ததில்லை.

"சீலிங் அடிக்க முடியாதவன் பாதி பெயின்டர்" என்றார் மாமா, தரையிடம். "மேஸ்திரிக்குத் தோள்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவார். இடுப்புன்னா சிரிப்பாங்க, பழகின கதைதானேன்னு சீலிங்கை வேற யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடுவாங்க. கையில ஏற்கெனவே ஒரு பொய் இருக்கும்போது புதுசா ஒண்ணு எதுக்கு?"

அவர் சட்டையைப் போடப் போனபோது கண்ணாடிக்காரி சின்னவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள்.

"நீங்க பிசியோதானே?"

"எப்படித் தெரியும்?"

"அவர் அந்தக் கத்து கத்தினார், நீங்க அவர் முகத்தைப் பார்க்கல, என் கையைப் பார்த்தீங்க. எங்களைச் சோதிக்கக் கூட்டிட்டு வந்தீங்களா?"

பாம்பின் கால் பாம்பறியும். சின்னவள் தலையாட்டினாள்.

"இடுப்பு பொய்னு தெரிஞ்சதும் நானும் நிறுத்தியிருப்பேன். உண்மையைச் சொன்னா எனக்குப் பசி வேற. ஆனா எங்க சார் விடமாட்டார்." அவள் தாளைக் காட்டினாள். எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் கட்டங்கள்தான், பெயர், வயது, தொழில், வலி. கடைசியில் மட்டும் வேறெங்கும் இல்லாத ஒரு கட்டம்: 'நோயாளி சொல்லாதது'. "இதைக் காலியா விட்டுக் குடுத்தா தாளைத் திருப்பி என்கிட்டயே குடுத்துடுவார். போன மாசம் ஒரே ஆளுக்கு மூணு தடவை திரும்பி வந்துச்சு. இவர் சட்டை கழட்டினப்ப நல்ல கையை முதல்ல எடுத்துட்டு, வலது கையை அசைக்காம அது மேலேருந்து சட்டையை உரிச்சார். இடுப்பு வலிக்கிறவர் எதுக்கு அப்படிக் கழட்டணும்னுதான் கேட்டுப் பார்த்தேன்."

"இது சரியாகுமா?"

"தோள் மூட்டு இறுகிப் போயிருக்கு. வருஷம் பிடிக்கலாம். ஆனா திறக்கும். தினமும் செய்யணும், யாராவது கூடவே நின்னு செய்ய வைக்கணும்." அவள் மாமாவை எட்டிப் பார்த்தாள். "அதுதான் கஷ்டம்னு நினைக்கிறேன்."

சுவரோரத்து ஆசிரியர் தாளை வாங்கி, கடைசிக் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மூன்று அறிக்கையும் அம்மா கைக்குப் போயின. முதல் பன்னிரண்டு பக்கத்தை அவள் பருப்பு டப்பாவுக்கு அடியில் போட்டாள். இரண்டாவதைப் படித்துவிட்டு, "யாருடா அதட்டினது?" என்று அதட்டினாள். மூன்றாவது அரைப் பக்கம்தான். அதைப் படித்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாக்கா?"

அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். அந்த நீலச் சுவரைப் பார்த்தாள். "நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு எழுந்து, சோற்றுப் பாத்திரத்தை அவர் கேட்காமலே அவருடைய இடது கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மேஸ்திரி வீட்டுக்கு நாளைக்கு நானே வரேன். சீலிங் இல்லாத வேலையாக் குடுங்கன்னு கேட்கலாம், உன் கைவேலை அவருக்குத் தெரியாதா? அதுசரி, இதுல இடுப்பு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. குனியற வேலை எல்லாம் செய்யலாமாம். போய் அந்தச் செருப்பு அலமாரியைச் சுத்தம் பண்ணு."

பதினோரு வருஷத்து இடுப்பு அன்றோடு ஒழிந்தது.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குச் சின்னவள் கணினி முன் உட்கார்ந்தபோது மாமா கையில் செருப்புத் துடைக்கிற துணியோடு பின்னால் வந்து நின்றார்.

"மருமகளே, கெஞ்சிக் கேட்கிறேன். முதலாவதுல சேரு, எவ்வளவு பெரிய கட்டடம். இல்ல ரெண்டாவது, என்ன மரியாதை. அந்த டயர்க் கடை மட்டும் வேணாம். அங்க படிச்சுட்டு வந்தா இந்த வீட்டுல ஒரு மனுஷன் நிம்மதியா ஒரு பொய் சொல்ல முடியாது."

"அதுக்குத்தான் மாமா" என்று சின்னவள் மூன்றாவதை அமுக்கினாள்.

சனிக்கிழமை சீலிங்கை அவளும் அம்மாவும் அடித்தார்கள். மாமா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, பிரஷ்ஷை இப்படிப் பிடி, அப்படி இழு என்று உயிரை எடுத்தார். சுவரின் மேல் பாதியை மட்டும் சின்னவள் அடிக்க விடவில்லை. அந்தச் சுவர் அவளுக்கு வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. தோளுக்கான பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களை எறும்பு மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும், எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு.

முதல் நாள் விரல்கள் நீலம் முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டன. கல்லூரி திறக்கிற வாரம் மஞ்சளில் நாலு கோடு ஏறியிருந்தது. தினமும் காலையில், அவள் பஸ்ஸுக்குப் போவதற்கு முன், தெருவே கேட்கிற மாதிரி மாமா கத்துவார். கொலை பண்றா, சொந்த மாமனைக் கொலை பண்றா என்பார். அவர் கத்திக்கொண்டிருக்கிற வரை சின்னவள் அந்தக் கையை ஏற்றிக்கொண்டே இருப்பாள். அவர் சத்தம் நின்ற இடத்தில் தானும் நிறுத்தி, கோடு போட்டு, கையை மெல்லத் தாங்கிக் கீழே இறக்கிவிடுவாள்.